கடலை பிஸ்கட்டுக்கு சாக்லேட் சட்டை! ஓவன் இல்லாத ஒற்றை அறையிலும் செய்யலாம்

பெரிய பேக்கரிகளில் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் பாதி அகலத்துக்குக் கறுப்பாக, வழவழவென்று ஒரு பிஸ்கட். கடித்தால் மேலே சாக்லேட். உள்ளே மணல் மணலாக உதிரும் பிஸ்கட். அதிலிருந்து வறுத்த கடலையின் வாசனை. 'பீனட் பட்டர் குக்கி' என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். நான்கே நான்கை அட்டைப் பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டி விற்கிறார்கள். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போகும் அப்பாக்களையும் அங்கே பார்க்கலாம்.

உள்ளே இருப்பது என்ன? நம்ம ஊர்க் கடலைதான். விழுப்புரத்துக்காரர் மல்லாட்டை என்பார். கோவைக்காரர் கடலைக்காய் என்பார். மும்பைக்கு வந்த பிறகு எல்லோருமே மளிகைக் கடையில் 'சேங்தாணா' என்று கேட்டு வாங்கப் பழகிவிட்டோம்.

இந்தப் பிஸ்கட்டை வீட்டில் செய்ய முடியுமா? முடியும். ஓவன் வேண்டாம். பத்துக்குப் பத்து அறை போதும். சயான் கோலிவாடா பக்கம் ஐந்து பேர் குடியிருக்கும் ஓர் ஒற்றை அறையில், திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் இதைச் செய்து விற்கவும் செய்கிறார். பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்குவத்தை மட்டும் மறைக்காமல் சொன்னார்.

வெண்ணெய் அல்லாத வெண்ணெய்

'பீனட் பட்டர்' என்பதைக் கடலை வெண்ணெய் என்று சொல்லலாம். பெயரில்தான் வெண்ணெய். பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வறுத்த கடலையை அரைத்துக்கொண்டே போனால், அதில் உள்ள எண்ணெயே அதை இளக்கி வெண்ணெய் போல ஆக்கிவிடும். கடலையில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். கால் பங்கு புரதம்.

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரத்து எட்சன் என்பவர் 1884-ம் ஆண்டில் கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அமெரிக்காவில் சுகவாச மருத்துவமனை நடத்திய டாக்டர் கெல்லாக், 1890-களில் நோயாளிகளுக்காகக் கடலையை வேகவைத்து அரைத்துக் கொடுத்தார். காலையில் நாம் பாலில் போட்டுச் சாப்பிடும் சோளத் தகடு இருக்கிறதே, அந்தக் கெல்லாக் குடும்பம்தான். ஆக, முதலில் இது பணக்கார நோயாளிகளின் பத்திய உணவாகத்தான் இருந்தது.

ஏழை வீட்டுக்கு அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, விவசாய விஞ்ஞானியாக உயர்ந்த கறுப்பர். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், கறுப்பர்களுக்கான கல்வி நிலையத்தில் 1896-ம் ஆண்டு முதல் வேலை பார்த்தார். சுற்றிலும் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைகள். பருத்தி போட்டுப் போட்டு நிலம் சத்திழந்து போயிருந்தது. போதாததற்குக் காய்வண்டு வந்து, இருந்த பருத்தியையும் தின்றது. கடலை போடுங்கள், நிலமும் தேறும், வயிறும் நிறையும் என்று கார்வர் சொன்னார். கடலை வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் என்பது நம் ஊர் விவசாயிகளுக்கும் தெரிந்த சங்கதிதான்.

போட்ட கடலையை என்ன செய்வது? அதற்காக 1916-ம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் போட்டார். கடலையை வளர்ப்பது எப்படி, 105 விதமாகச் சமைப்பது எப்படி என்பதுதான் விஷயம். கடலை போட்ட பிஸ்கட்டுகளுக்கும் அதில் செய்முறை உண்டு. பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவரே கார்வர்தான் என்று பள்ளிப் புத்தகங்கள் வரை ஏறிவிட்ட ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

1930-களில் அமெரிக்கக் குடும்பங்களில் கடலை வெண்ணெய் பிஸ்கட் பரவியது. முள்கரண்டியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக அழுத்திய கோடுதான் அதற்கு அடையாளம். அழகுக்காகப் போட்ட கோலம் அல்ல அது. இந்த மாவு கெட்டி. தானாகப் பரவாது. அழுத்திவிட்டால்தான் சீராக வேகும்.

சாக்லேட் கிண்ணத்துக்குள் கடலை வெண்ணெயை ரீஸ் வைத்தது 1928-ம் ஆண்டில். ஹெர்ஷி என்ற பெரிய சாக்லேட் கம்பெனியின் பால் பண்ணையில் வேலை பார்த்த ரீஸ் என்பவர், வீட்டு நிலவறையில் மிட்டாய் செய்யத் தொடங்கினார். அவருக்கு 16 பிள்ளைகள். சாக்லேட் கிண்ணத்துக்குள் கடலை வெண்ணெய் வைத்து அவர் செய்த மிட்டாய் இன்றும் அவர் பெயரில்தான் விற்பனையாகிறது. 1963-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி, அவர் முன்பு வேலை பார்த்த ஹெர்ஷியோடு இணைந்தது.

சாக்லேட் பூசிய கடலை பிஸ்கட்டை இன்று அமெரிக்காவில் வீடு வீடாக விற்பவர்கள் சாரணியர் சிறுமிகள். 1917-ம் ஆண்டில் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சாரணியர் குழு, வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் விற்றதில் தொடங்கிய வழக்கம் அது. இப்போது பெரிய பேக்கரிகள் செய்து கொடுக்கின்றன. தொடக்கம் என்னவோ அம்மாக்களின் அடுப்படிதான்.

கடலையும் அந்தக் கண்டத்துப் பயிர்தான். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றிவந்தது. பிலிப்பைன்ஸ் தீவின் மணிலா வழியாக வந்த கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். அது தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென்னாற்காட்டுக் கடலை ஒரு காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்காகக் கப்பல் கப்பலாகப் போனது. விதைக் கடையில் 'டி.எம்.வி.' என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இனி அடுப்படிக்குப் போகலாம்.

கடலையில்தான் இருக்கிறது கவனம்

எதில் சிக்கனம் பார்த்தாலும் கடலையில் பார்க்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சுருங்கிய கடலை, நிறம் மாறிய கடலை, பூசணம் பூத்த கடலை கலந்த சரக்கை வாங்கி அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அரைத்த பிறகு எல்லாம் ஒரே நிறம். அதன் மேல் சாக்லேட்டையும் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கடலையில் ஈரம் ஏறினால் ஒரு வகைப் பூசணம் பிடிக்கும். அது 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ந்து பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது தெரிந்தது. உலகம் இதை அறிந்துகொண்டதே அப்படித்தான். நம் நாட்டிலும் 1974-ம் ஆண்டில் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே நஞ்சுதான்.

வறுத்தால் போய்விடாதா என்று கேட்கலாம். முழுவதும் போகாது. பொறுக்கி எறிவதுதான் வழி. மும்பை மழைக்காலத்தில் சாக்கு மூட்டை எப்படி ஈரம் குடிக்கும் என்பது ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும். கையை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மொத்தமாக வாங்கி வைக்காமல், வேண்டிய அளவு மட்டும் வாங்குவது நல்லது. வாயில் ஒன்று போட்டுப் பாருங்கள். கசந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோலிவாடா அக்கா இதில் கறார். தட்டில் பரப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ''ரேஷன் அரிசியில கல்லு பொறுக்குன கண்ணுதானே தம்பி. இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல'' என்றார்.

சிறிய, உருண்டையான 'ஜாவா' ரகம் வாசனையாக இருக்கும். பெரிய 'போல்ட்' ரகமும் ஆகும்.

அரைக்கும் பக்குவம்

30 பிஸ்கட்டுக்கு 200 கிராம் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிகனமான கடாயில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கைவிடாமல் வறுக்க வேண்டும். தோல் வெடித்து, உள்ளே பருப்பு இளம் பொன்னிறமாக இருக்க வேண்டும். கறுத்துவிட்டால் கசப்பு. ஆறிய பிறகு துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். முறம் இல்லாதவர்கள் ஜன்னலோரம் தட்டில் வைத்து ஊதிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் கத்தினால் பொறுப்பு என்னுடையது அல்ல.

மிக்சியில் போட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும். மராட்டிக்காரர்கள் சாபுதாணா கிச்சடிக்கும் பொரியலுக்கும் போடும் 'கூட்' என்பது இதுதான். அவர்கள் வீட்டில் இதற்கென்று ஒரு டப்பாவே இருக்கும். அவர்கள் நிறுத்தும் இடத்திலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது. மேலும் ஓட்டினால் ஈரமாகி ஓரத்தில் ஒட்டும். வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் உருண்டையாகத் திரளும். மிக்சி முனகும். இங்கேதான் பலர் பயந்துபோய்த் தண்ணீர் விட்டுவிடுகிறார்கள்.

''ஒரு சொட்டுத் தண்ணி பட்டா அம்புட்டும் சட்னிதான். ரெண்டு நாள்ல ஊசிரும். மிக்சிக்கு ஓய்வு குடுத்து ஓய்வு குடுத்து ஓட்டணும். நமக்கும் அப்பதானே ரெண்டு நிமிசம் உக்கார முடியும்'' என்கிறார் அக்கா.

உருண்டைக்கு அடுத்த கட்டத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டு விழுது பளபளப்பாக இளகும். மிக்சியின் மோட்டாருக்குத் தக்கபடி மொத்தம் பத்து நிமிடம் வரை ஆகலாம். ரொம்பவும் முரண்டு பிடித்தால் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விடலாம். ஒரு சிட்டிகை உப்பு போதும். கடையில் விற்கும் கடலை வெண்ணெயில் எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கும். கெட்டியாக்கிய கொழுப்பைச் சேர்த்து அப்படிச் செய்கிறார்கள். 1920-களில் அமெரிக்காவில் ரோஸ்ஃபீல்ட் என்பவர் கண்டுபிடித்த வழி அது. வீட்டில் அரைத்ததில் எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. கலக்கிவிட்டால் போதும்.

மாவும் சூடும்

கடலை விழுது 150 கிராம், சாதாரண வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம். மூன்றையும் கையாலேயே நன்றாகக் குழைக்க வேண்டும். மைதா 150 கிராமுடன் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் சேர்த்துச் சலித்து அதில் கொட்டிப் பிசையுங்கள். பாதி கோதுமை மாவாகவும் போடலாம். உதிர்ந்தால் இரண்டு ஸ்பூன் பால் தெளிக்கலாம். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசையக் கூடாது. பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும். முட்டை தேவையில்லை.

எலுமிச்சங்காய் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக உருட்டி, தட்டில் இடம் விட்டு வைத்து, முள்கரண்டியால் அழுத்துங்கள். சாக்லேட்டில் முக்கப் போவதால் கோடு வெளியே தெரியாது. ஆனாலும் அழுத்தத்தான் வேண்டும்.

பிஸ்கட் வேகும் வாசனை மும்பைக்காரனுக்குப் புதிதல்ல. வெஸ்டர்ன் லைனில் விலே பார்லே வந்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. 1929-ல் தொடங்கிய அந்த பிஸ்கட் தொழிற்சாலை 2016-ல் மூடப்பட்டது. அந்த வாசனைக்கு இப்போது நம் வீட்டுக் குக்கர்தான் கதி.

குக்கரை ஓவனாக்கும் வித்தை இதுதான். அடியில் ஒரு கிலோ கல்லுப்பு அல்லது கழுவிக் காயவைத்த மணலைப் பரப்புங்கள். மேலே ஒரு வளையம் அல்லது சிறு ஸ்டாண்டு. மூடியிலிருந்து கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறக்கக் கூடாது. மூடி வைத்துப் பத்து நிமிடம் நடுத்தீயில் காய விடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து, 15 முதல் 20 நிமிடம். ஓரம் சிவந்து நடு மெதுவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறினால் தானே மொரமொரப்பாகும். சுடச்சுடத் தொட்டால் உடைந்துவிடும்.

புதுக் குக்கரில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அலுமினியம் பாழாகும். பழைய குக்கர் அல்லது மூடியுள்ள இரும்புக் கடாய் மேல். உப்பை எறிய வேண்டாம். டப்பாவில் போட்டு வைத்தால் பல தடவை இதற்கே பயன்படும். சமையலுக்கு ஆகாது.

ஒரு தடவைக்கு ஏழு பிஸ்கட்டுக்கு மேல் குக்கர் கொள்ளாது. 30 வேக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நிறையச் செய்பவர்கள் தெருக்கோடி பேக்கரியில் கேட்டுப் பார்க்கலாம். மாவும் நெய்யும் சர்க்கரையும் கொண்டு கொடுத்துத் தீபாவளிக்கு நான்கட்டாய் சுட்டு வாங்கும் பழக்கம் மராட்டிக் குடும்பங்களில் உண்டு. ஆனால் விறகு, கரி அடுப்பு பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்றவற்றுக்கு மாறும்படி 2025 ஜனவரியில் மும்பை ஐகோர்ட் சொன்னது. அதனால் வெளி ஆளின் தட்டை உள்ளே வாங்க யார் தயாராக இருக்கிறார்கள் என்பதை நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாக்லேட்டா, காம்பவுண்டா?

கிராபோர்ட் மார்க்கெட் பக்கத்தில் கேக் சாமான் விற்கும் கடைகளில் பலகை பலகையாக அடுக்கியிருப்பார்கள். பார்க்க எல்லாம் சாக்லேட் மாதிரிதான். கவரைத் திருப்பிப் படியுங்கள். 'காம்பவுண்ட்' என்று எழுதியிருந்தால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கிறது. அசல் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் இருக்கும். விலை வித்தியாசம் அதனால்தான்.

கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நாக்கில் வைத்ததும் கரைகிறதே, அந்தச் சுகமே அதுதான். தொல்லையும் அதுதான். அசல் சாக்லேட்டை உருக்கி அப்படியே பூசினால் ஆறிய பிறகு மங்கலாக, வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும். விரலில் ஒட்டும். அதைப் பதப்படுத்த வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லாமலே செய்யலாம். பலகையைப் பொடியாக நறுக்கி மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்கை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிண்டி உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. வெளியே எடுத்து மூன்றாம் பங்கைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள். அது கரையக் கரையச் சூடு இறங்கும். ஸ்பூன் நுனியில் எடுத்துக் கீழ் உதட்டில் தொட்டால் லேசான குளிர்ச்சி தெரிய வேண்டும். அந்த ஸ்பூனை மறுபடி உள்ளே விடாதீர்கள். கத்தி முனையில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் பக்குவம் சரி.

காம்பவுண்டுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. உருக்கு, முக்கு, வை. அவ்வளவுதான். முதல் தடவை செய்பவர்கள் காம்பவுண்டில் தொடங்குவதில் தவறில்லை. வீட்டுக்கு என்றால் பிறகு ஒரு தடவையாவது அசல் சாக்லேட்டில் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரியும். காம்பவுண்டு நாக்கின் மேல் மெழுகு மாதிரி கொஞ்ச நேரம் தங்கிவிடுகிறது.

எதுவானாலும் உருகிய சாக்லேட்டில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் திடீரென்று கட்டிதட்டிப் போகும். ஆவிகூட ஆகாது. பக்கத்து அடுப்பில் சாதம் கொதிக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றை அறை வீட்டில் இதுதான் பெரிய சங்கடம். அக்கா வீட்டில், ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பத்து மணிக்கு மேல்தான் சாக்லேட் உருகுகிறது. பிள்ளைகள் படுத்திருக்க, கட்டிலுக்கும் அடுப்புத் திண்ணைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து முக்கி எடுக்கிறார்.

30 பிஸ்கட்டுக்கு 250 கிராம் சாக்லேட் வேண்டும். பிஸ்கட் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முள்கரண்டி மேல் வைத்து முக்கி, கிண்ண ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, பட்டர் பேப்பரில் இறக்குங்கள். ஃப்ரிஜ் இருந்தால் மூடிய டப்பாவில் பத்து நிமிடம் வைக்கலாம். எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். மும்பைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சாக்லேட்டில் முத்து முத்தாகப் படிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் கடலை எண்ணெய் கசிந்து சாக்லேட்டை இளக்கும். மேலே வெள்ளை படரும். பார்க்கத்தான் அசிங்கம். தின்னலாம்.

விற்பவர்களுக்கு

வீட்டுக்குச் செய்வது ஒன்று, விற்பது வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ம் ஆண்டில் வந்தது. வீட்டில் செய்து விற்பவரும் அதன்படி பதிவு செய்து, அந்த எண்ணைப் பொட்டலத்தில் போட வேண்டும். இரண்டாவது, கடலை சிலருக்கு ஒவ்வாது. சிறு பிள்ளைகளில் சிலருக்குக் கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கி மூச்சு முட்டும். உயிருக்கே ஆபத்து. மேலே சாக்லேட் இருப்பதால் உள்ளே கடலை இருப்பது பார்த்தால் தெரியாது. 'கடலை உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். காம்பவுண்டில் செய்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, கணக்கு. விலைவாசி இங்கே எழுதினால் நாளைக்கே மாறிவிடும். அளவு சொல்லிவிட்டேன். அன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் உடனே தெரியும். கடலை பிஸ்கட் என்று பெயர் இருந்தாலும் கடலையின் எடையைவிடச் சாக்லேட்டின் எடை அதிகம். பணத்தைத் தின்பது அதுதான்.

அக்காவும் தொடக்கத்தில் கடலை, மைதா, வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட், கேஸ், பேப்பர் எல்லாம் கூட்டி, பிஸ்கட்டுக்கு இரண்டு ரூபாய் லாபம் வைத்து விற்றிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் 60 பிஸ்கட். 120 ரூபாய் மிச்சம். சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார். பி.காம். படிக்கும் மகள் ஒரு நாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பொறுக்க, வறுக்க, அரைக்க, சுட, முக்க, பொட்டலம் கட்ட என்று ஐந்து மணி நேரம் ஆவதைக் கடிகாரம் வைத்துக் குறித்தாள். மணிக்கு 24 ரூபாய். அதே சாலில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதைவிட அதிகம் கிடைக்கிறது.

மகள் நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டாள். தலைப்பு: 'அம்மா கூலி'.

''அதெல்லாம் எதுக்குளா, நாம வீட்டுல சும்மாதானே இருக்கோம்னு சொன்னேன். அவ கேக்கல. விலைய ஏத்திட்டா. ரெண்டு பேரு வாங்கறத நிறுத்திட்டாங்க. மத்தவங்க வாங்கிட்டுத்தான் இருக்காங்க'' என்றார் அக்கா. நோட்டை எனக்கும் காட்டினார். அந்தப் பத்தி இப்போதும் இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அதிலிருந்துதான் போகிறதாம்.

ஊருக்குக் கொண்டுபோக

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்தப் பிஸ்கட்டை எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். நாகர்கோவில் வண்டி ஒன்றரை நாள் ஓடுகிறது. மே மாதத்தில் வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் வழியாக ஸ்லீப்பர் பெட்டியில் பகல் முழுவதும் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த வெயில் தெரியும். ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. அசல் சாக்லேட் ஆனாலும் காம்பவுண்டு ஆனாலும் டப்பாவில் குழம்பாகத்தான் போய்ச் சேரும்.

பூசாத பிஸ்கட்டை எடுத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்குக் கெடாது. சாக்லேட் பலகையை வாங்கி ஊரில் வைத்து உருக்கிப் பூசிக்கொள்ளலாம். பேரப் பிள்ளைகள் முன்னால் தாத்தா பாட்டிக்கும் ஒரு வேடிக்கை.

அக்காவும் ஏப்ரல் கடைசியிலிருந்து மழை பிடிக்கும் வரை சாக்லேட்டை நிறுத்திவிடுகிறார். அந்த மாதங்களில் வெறும் கடலை பிஸ்கட்தான். முள்கரண்டிக் கோடு மேலே தெரியும். விலை குறைவு. 'அம்மா கூலி' மட்டும் அதே கூலி.